மூடிக்குள் வைத்த பொட்டு

சாம்பிராணிப் புகை காட்டிய நேரத்தில் செல் வளர்க்கும் அறைக்குள் இருந்தவர்கள்:

பேராசிரியர் ரெங்கராஜ். பட்டு வேட்டி, அதற்கு மேல் வெள்ளைக் கோட்டு, வாயில் ஓயாமல் ஒரு கிராம்பு.

ஆராய்ச்சி மாணவி சத்யா. ஊர் கந்தர்வக்கோட்டைப் பக்கம். முந்திரி வறுக்கும் கொட்டகைக்குப் பின்வீட்டில் வளர்ந்தவள்.

அவளுக்குப் பின்னால் சேர்ந்த மாணவன் அரவிந்த்குமார். குளத்தூர் பஸ்ஸை விட்டுவிடக் கூடாதே என்று தீபாராதனையின்போதும் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவன்.

ஆய்வக உதவியாளர் ஆண்டியப்பன். ஆயுத பூஜையை நடத்தியவர் அவர்தான்.

வாசல்படிக்கு வெளியே, செருப்பைக் கழற்றாமல், காவலாளி செபமாலை. அவர் உள்ளே வரவில்லை. பொரியை மட்டும் கைநீட்டி வாங்கிக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார்.

தட்டுகளில் இருந்ததை யாரும் அப்போது கணக்கில் சேர்க்கவில்லை.

பொட்டு தப்பான இடத்தில் இருந்தது. சத்யா முதலில் கவனித்தது அதைத்தான்.

பொரியும் சுண்டலும் காகிதத் தட்டுகளில் கைமாறி முடிந்து, கட்டட வாசலில் உடைத்த பூசணிக்காயின் குங்குமம் மழைத்தூறலில் கரைந்து படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த அந்தி நேரத்தில், தட்டுகளைத் திறந்து வேலை செய்யும் கண்ணாடிக் கூண்டான ஹூட்டின் காற்றாடியைத் திரும்பப் போடுவதற்காக அவள் உள்ளே வந்தாள். அறைக்குள் இன்னும் புகை தங்கியிருந்தது. மற்ற நாளில் அங்கே ஸ்பிரிட் வாசனையைத் தவிர வேறொன்றும் இருக்காது. இன்று சாம்பிராணி, கற்பூரம், மிதிபட்ட சாமந்தி, அதற்கெல்லாம் அடியில் இன்னொன்று: மழையில் நனைந்த முந்திரி ஓட்டுக் குவியலின் புளித்த, எண்ணெய்ப் பிசுக்கான நெடி. அந்த நெடியில்தான் அவள் நடக்கப் பழகினாள். இந்த அறைக்குள் அது எப்படி வந்தது என்று ஒரு கணம் நின்றாள்.

மைக்ரோஸ்கோப்பின் நெற்றியில் சந்தனம். இன்குபேட்டர் கதவில் சந்தனம். சிலிண்டர் கழுத்தில் மாலை. எல்லாம் போன வருஷம் போலத்தான். ஹூட்டுக்குள் வரிசையாக வைத்திருந்த தட்டுகளின் கண்ணாடி மூடிகள் மட்டும் துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக இருந்தன. அவள் குனிந்து பார்த்தாள். பொட்டு மூடிக்குக் கீழே இருந்தது. சாம்பல் நிறத்தில் வெல்வெட் துணிபோல் மெத்தென்று வளர்ந்திருந்த பூஞ்சையின் நட்டநடுவில் ஒரு விரல் அழுத்திய குழி. குழிக்குள் சந்தனம், சந்தனத்தின் மேல் குங்குமம். ஒவ்வொரு தட்டிலும் அப்படியே.

"ஆண்டியப்பண்ணே."

வெளியே வராந்தாவில் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவர் தலையைத் திருப்பவில்லை. "என்ன பாப்பா."

"தட்டையெல்லாம் தொறந்தீங்களா?"

"தொறக்காம எப்படிப் பொட்டு வைக்கிறதாம்?"

"மூடி மேல வச்சா போதாதாண்ணே? போன வருசமெல்லாம் அப்படித்தானே வச்சீங்க?"

"போன வருசம் அது சும்மா கெடந்துச்சு. இந்த வருசம் சாரே சொன்னாருல்ல, நம்ம ஆயுதமே அந்தப் பூசணந்தான்னு. ஆயுதத்துக்கு வைக்காம மூடிக்கா வைக்கிறது? ஒனக்குப் பொட்டு வைக்கச் சொன்னா முக்காட்டு மேலயா வைப்பாங்க?" அவருக்கே அது பிடித்துப்போய் ஒரு தரம் சிரித்தார். "ஒண்ணொண்ணாத் தொறந்து, மேல இருந்த தூசிய வாயால ஊதிவிட்டுட்டுத்தான் வச்சேன். சும்மா இல்ல."

"ஊதினீங்களா?"

"அடுப்புச் சாம்பலாட்டம் பறந்துச்சு. ஏன், இப்ப என்னங்குற?"

அது வெறும் தூசி இல்லை, பூஞ்சையின் வித்துகள். ஹூட்டின் காற்றாடி ஓடியிருந்தால் அந்தத் தூசி வடிகட்டியில் போய்ச் சிக்கியிருக்கும். காற்றாடி ஓடவில்லை. கற்பூரச் சுடர் அணைந்து அணைந்து போகிறது என்று ரெங்கராஜே அதை நிறுத்தினார். பிறகு சாம்பிராணி சரியாகப் புகையவில்லை என்று ஆண்டியப்பன் ஓலை விசிறியால் விசிறினார். எல்லோரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு, மூக்கு நிறைய, நன்றாக இழுத்து மூச்சு விட்டார்கள்.

அந்தப் பூஞ்சையைக் கொண்டுவந்தவள் அவள்தான். அப்பா கருப்பையா இருபது வருஷம் முந்திரி வறுத்த கொட்டகைக்குப் பின்னால், கொட்டிக் கிடந்த ஓட்டுக் குவியலின் அடியிலிருந்து சுரண்டி எடுத்தது. அந்தக் கொட்டகைப் புகையைக் குடித்துக் குடித்து நுரையீரலில் கட்டி வந்து, கடைசி மாதம் படுக்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் சுவரில் சாய்ந்தபடியே செத்துப்போனார் கருப்பையா. அதே குவியலிலிருந்து அதற்கு மருந்து கிடைத்தால் நல்ல கதைதான் என்று ரெங்கராஜ் பேட்டியெல்லாம் கொடுத்தார். கதையில் அவள் பெயர் வரவில்லை.

செல்லுக்குள் ஒரு சாரம் இருக்கிறது. கட்டடம் எழுப்புகிறவர்கள் சவுக்குக் கம்பு ஊன்றிக் கட்டுவார்களே, அதைப்போல. மெல்லிய புரத நூல்களால் ஆனது. செல் தன் வடிவத்தில் நிற்பதும், நகர்வதும், இரண்டாகப் பிரிவதும் அந்த நூல்களின் தயவில்தான். இந்தப் பூஞ்சை விடும் நஞ்சு அவற்றை அறுக்கும். நுரையீரல் கட்டியிலிருந்து எடுத்து வளர்த்த செல்களில் அதை ஊற்றினால், பச்சைச் சாயம் ஏற்றியபோது கம்பி இழுத்ததுபோல் பளிச்சென்று தெரிந்த நூல்கள் கொஞ்ச நேரத்தில் வெறும் புள்ளிகளாகிவிடும். சாரம் சரிந்த செல் சுருங்கும். சுருங்கும்போது அதன் ஓரங்கள் கிளை கிளையாக நீண்டு நிற்கும், இலை உதிர்ந்த கருவேலம்போல. உள்ளே கரு மட்டும் பிரிந்துகொண்டே போகும். செல்லால் பிரிய முடியாது. ஒரே பைக்குள் இரண்டு கரு, நான்கு கரு. நீலச் சாயத்தில் அவை கண்களைப்போல் தெரியும்.

நல்ல நுரையீரல் செல்லை அது தொடுவதில்லை. சத்யா மாதக்கணக்கில் ஊற்றிப் பார்த்தாள். ஒரு நூல்கூட அறவில்லை. ரெங்கராஜ் கட்டுரை எழுதியது அதை வைத்துத்தான். கட்டி சாகிறது, நல்லது பிழைக்கிறது.

கட்டி சாகவில்லை.

ஒரு திங்கட்கிழமை காலையில் அவள் இன்குபேட்டரைத் திறந்தபோது, நஞ்சு ஊற்றிய தட்டின் தரை வெறுமையாக இருந்தது. செத்து மிதக்கிறதா என்று பார்த்தாள். மிதக்கவில்லை. கடைசியில் மூடியைத் திருப்பி வைத்துப் பார்த்தபோதுதான் கிடைத்தது. செல்கள் சுவரில் ஏறி மூடியின் உட்புறத்துக்குப் போயிருந்தன. கிளையோடு கிளை கோத்து, காற்று புகுந்து வருகிற விளிம்பைச் சுற்றி வட்டமாக, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து. வெளியே போகும் பக்கம்.

"செத்தது நடக்காது" என்றார் ரெங்கராஜ். "தட்டை நீ ஆட்டிக்கிட்டே தூக்கிட்டு வந்திருப்ப. மருந்து மூடியில பட்டிருக்கும். வறுக்கொட்டகையில இருந்து வந்தவங்களுக்குக் கை எங்க நிதானமா இருக்கும்?"

கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு அவர் அதைச் சொன்னபோது அரவிந்த்குமார் சிரிப்பை அடக்கச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அதற்குப் பிறகு அவள் சொல்வதை விட்டுவிட்டாள். தனக்காக ஒன்றை மட்டும் சோதித்து வைத்துக்கொண்டாள்: நஞ்சு பட்ட முதல் சில மணி நேரத்துக்குள் கழுவி எடுத்துவிட்டால் அறுந்த நூல்கள் திரும்பக் கட்டிக்கொள்கின்றன. செல் பழையபடி ஆகிவிடுகிறது. அந்த நேரம் தாண்டினால் எவ்வளவு கழுவினாலும் ஒன்றுமில்லை. அது ஏறத் தொடங்கிவிடும்.

அவளுக்கு இன்னொன்றும் தெரியும். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சித்திரையில் புதுக்கோட்டையில் ஒரு டாக்டர் அவளுடைய எக்ஸ்ரேயை விளக்குக்கு நேராகப் பிடித்து, "வலப்பக்கம் ஒரு நெழல் தெரியுதும்மா, திருச்சிக்குப் போயி ஸ்கேன் எடுத்துப் பாத்துருங்க" என்றார். இப்போது புரட்டாசி முடியப் போகிறது. அவள் போகவில்லை. இருமினால் தூசி அலர்ஜி என்றாள். ஸ்கேன் எடுக்காதவரை அது நிழல்தான். நிழலோடு ஒரு மனுஷி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் இருக்கலாம்.

ஹூட்டின் சுவிட்சைப் போட்டாள். காற்றாடி இரைந்து கிளம்பியது. தொண்டைக்குள் ஒரு மயிரிழை குறுக்கே கிடப்பதுபோல் இருந்தது. செருமினாள். போகவில்லை. இன்னும் பலமாகச் செருமினாள். அது ஒரு இருமலில் போய் முடிந்தது.

வராந்தாவின் கடைசியில், ரெங்கராஜின் அறைக்குள்ளிருந்து ஒரு இருமல் பதில் சொன்னது.

மழை வலுத்தபோது கரண்டு போனது. இன்குபேட்டரும் மைக்ரோஸ்கோப்பும் மட்டும் இன்வெர்ட்டரில் ஓடின. வராந்தாவின் பச்சை அவசர விளக்கு ஒன்று எரிந்தது. தகரக் கூரை போட்ட சைக்கிள் கொட்டகையின் மேல் மழை கொட்டிய சத்தத்தில், பக்கத்தில் நின்று பேசுகிறவர் குரலே தூரத்தில் கேட்டது. ஆனால் அந்த இருமல் தெளிவாகக் கேட்டது. அவள் இருமினால் அதற்குப் பின்னால் அது. அவள் அடக்கிக்கொண்டால் அதுவும் காத்திருந்தது.

சன்னலோரம் போய் அரவிந்த்குமாருக்குப் போன் போட்டாள்.

"சொல்லுங்கக்கா. பஸ்ஸுல சீட்டே கெடச்சிருச்சு. பொரிய ஒரு கிழவிகிட்டப் பறிகுடுத்துட்டு ஒக்காந்திருக்கேன்."

"ஒனக்கு இருமல் ஏதும் வருதா?"

"எனக்கா? இல்லியே. ஏன்?"

"தொண்டை? நெஞ்சு? ஏதாச்சும் கரகரன்னு?"

"அக்கா, நல்ல நாளு அதுவுமா ஏன் இப்படி? குதிரையாட்டம் இருக்கேன். நீங்கதான் பத்து மாசமா இருமுறீங்க. மொதல்ல நீங்க போயி ஒரு நல்ல டாக்டரப் பாருங்க. கேக்குறவுகளுக்கே பயமா இருக்கு." பின்னால் யாரோ அவனை ஏசுவது கேட்டது. அவன் சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான்.

ஆண்டியப்பன் குத்துவிளக்கைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். தூசியை முகத்துக்கு நேராக ஊதியவர் அவர்தான். அவளைவிடப் பத்து மடங்கு அவர் இழுத்திருப்பார். அவள் அவர் நெஞ்சையே பார்த்தாள். ஏறி இறங்கியது, நிதானமாக, மாட்டின் நெஞ்சுபோல.

"ஒங்களுக்கு இருமல் வருதாண்ணே?"

"எனக்கெதுக்கு வருது? நான் பீடி தொட்டதில்ல. பொகையிலதான், அது வாயோட சரி." வலது கை ஆள்காட்டி விரல் நுனி சிவப்பாக, அதற்கு மேல் லேசாகச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தது. அந்த விரலாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டார். ஒன்றும் ஆகவில்லை.

ஒன்றும் ஆகாது. நல்ல நுரையீரலை அது தொடாது.

அரவிந்த்குமாருக்கு இல்லை. ஆண்டியப்பனுக்கு இல்லை. வராந்தாவின் கடைசியில் இருப்பவருக்கு இருக்கிறது. அவளுக்கு இருக்கிறது.

ஆறு மாதமாக எடுக்காத ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. முடிவு தொண்டையில் நிற்கிறது.

இன்னும் நேரம் இருந்தது. அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். பூஜை முடிந்து ரொம்ப நேரம் ஆகவில்லை. தட்டில் என்றால் கழுவலாம். நுரையீரலையும் கழுவுவார்கள், திருச்சியில், குழாய் இறக்கி, உப்புநீர் விட்டு. என்ன ஏது என்று அவர்களிடம் சொல்ல வேண்டியது அவள் பொறுப்பு. போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான். அன்னவாசல் வழியாகத் திருச்சி போகிற பஸ் மழையில் எப்போது வருமோ தெரியாது. செபமாலையிடம் இருப்பது சைக்கிள். ஆண்டியப்பனின் மொபெட்டை இந்த மழையில் திருச்சிவரை ஓட்ட முடியாது. கார் ரெங்கராஜிடம் மட்டும்தான் இருந்தது. அவருக்கும் அவசரம் இருக்கும், சொன்னால். சொல்லவே வேண்டியதில்லை, இந்நேரம் அவருக்கே தெரிந்திருக்கும்.

அவர் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாருமில்லை. மேசை மேல் பொரித் தட்டு அப்படியே. பக்கத்தில் மடித்து வைத்த வெள்ளைக் கைக்குட்டை. கிராம்பு வாசனை. அதற்கு அடியில், நனைந்த ஓட்டுக் குவியல்.

அவள் போனின் விளக்கை அடித்தாள். கைக்குட்டை மடிப்பிலிருந்து ஏதோ நூல் பிரிந்து மேசை மேல் கிடந்தது. துணி நூல் என்றுதான் நினைத்தாள். அது மேசை விளிம்புவரை நேராகப் போய், அங்கே இரண்டாகப் பிரிந்து, இரண்டும் நான்காகப் பிரிந்து, கீழே இறங்கியிருந்தது. ஈரமாக. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதில் ஒரு கிளை மெதுவாகத் தூக்கி, வெளிச்சத்துக்கு வராமல், நாற்காலியின் நிழலுக்குள் தன்னை மாற்றி வைத்துக்கொண்டது.

விளக்கை அணைத்தாள். ஏன் அணைத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

வராந்தாவில் ஆண்டியப்பன் கோபமாக நின்றிருந்தார். கையில் பெரிய திண்டுக்கல் பூட்டு. அதற்கும் சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்.

"சாரப் பாத்தீங்களாண்ணே?"

"அங்கிட்டுத்தான் இருக்காரு, உள்ள. பூஜ போட்ட ரூமு. பூட்டினா நாளைக்கு விசயதசமி காலைலதான் தொறக்கணும், நடுவுல ஒருத்தரும் ஆயுதத்தத் தொடக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன். ஒரு வருசம் ஒரு பய தொட்டுட்டு, அந்த வருசம் பூராவும் மிசினு எதுவும் ஓடல. இவரு பாட்டுக்கு உள்ள போயி மைக்ராஸ்கோப்பப் போட்டு ஒக்காந்திருக்காரு. வாங்க சார்னா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு."

"நீங்க உள்ள போயிக் கூப்பிட்டீங்களா?"

"வாசல்லேருந்து கூப்பிட்டேன்." அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. "அவரு ஒக்காந்திருக்கறதே ஒரு மாதிரி இருக்கு பாப்பா. சரிஞ்சாப்புல. நீ போயிக் கூப்பிடு. மழ வலுக்குது, நான் பூட்டிட்டுப் போகணும்."

அவள் கதவைப் பார்த்தாள். அங்கே கார்ச் சாவி இருக்கிறது. அவர் கோட்டுப் பையில். அதை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம். ஆண்டியப்பனுக்குக் கார் ஓட்டத் தெரியும். வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

"பூட்டிறாதீங்கண்ணே. வந்துர்றேன்."

"சீக்கிரம் வா."

உள்ளே இன்குபேட்டரின் சிவப்புப் புள்ளி ஒன்று. ஹூட் நின்றுபோயிருந்தது. அறை கதகதப்பாக இருந்தது, கரண்டு இல்லாத அறைக்கு இருக்கக் கூடாத கதகதப்பு, யாரோ போர்வைக்குள்ளிருந்து மூச்சு விடுவதுபோல். மூலையில் சாயம் பார்க்கும் மைக்ரோஸ்கோப்பின் பச்சை ஒளி. அதற்கு முன்னால் சக்கர ஸ்டூலில் ரெங்கராஜ். முதுகு தெரிந்தது. கண் குழலில் கண்ணை வைத்திருந்தார். ஆண்டியப்பன் சொன்னது சரிதான். உட்கார்ந்திருக்கவில்லை. ஸ்டூலின் மேல் ஊற்றி வைத்ததுபோல் இருந்தார்.

"சார்."

"நடக்குது" என்றார். குரல் அவருடையதுதான். நாக்குதான் எங்கே நிற்பது என்று தெரியாமல் புரண்டது. "நீ சொன்னது. நடக்குது."

"சார், கார்ச் சாவி குடுங்க. திருச்சி போயிரலாம். இன்னும் நேரம் இருக்கு, கழுவிரலாம்."

"நான் செத்துரும்னு எழுதினேன்." அவர் சிரிக்கப் பார்த்தார். "எனக்கு நாலு வருசமா நெஞ்சுல கட்டி இருக்கு. மூணு தரம் மருந்து ஏத்திட்டேன். ஒனக்குத் தெரியுமா? யாருக்கும் தெரியாது. இது என்னோடது, இங்க பாரு. வந்து பாரு."

"நான் பாக்கல சார்."

"நாப்பது கரு இருக்கு ஒண்ணுக்குள்ள. எண்ணிப் பாத்தேன். எல்லாம் இங்கிட்டே பாக்குது."

அவள் கோட்டுப் பையை மட்டும் பார்த்தாள். வலப் பக்கம். கையை நீட்டினால் எட்டும். ஒரு எட்டு வைத்தாள். இன்னொரு எட்டு. பச்சை ஒளி மேசை மேல் விழுந்திருந்தது. அங்கே அவருடைய வலது கை இருந்தது. கை உறையைக் கழற்றிப் போட்டிருக்கிறார் என்று நினைத்தாள்.

உறை இல்லை.

கைதான். உள்ளே ஒன்றுமில்லாததுபோல் மேசையோடு மேசையாகப் படிந்த கை. விரல்கள் நீண்டிருந்தன. மேசை விளிம்புவரை. நுனியில் ஒவ்வொன்றும் இரண்டாக. இரண்டும் நான்காக. மோதிரம் கழன்று தனியாகக் கிடந்தது.

சாரம் சரிந்துவிட்டது.

"சார்" என்றாள். ஏன் சொன்னாள் என்று தெரியவில்லை.

அவர் தலையைத் திருப்பினார். தலை திரும்பியது. முகம் கண் குழலிலிருந்து முழுதாகப் பிரியவில்லை. ஒரு பகுதி அங்கேயே ஒட்டி, இழுபட்டு, மெல்லிய இழைகளாக நீண்டது. இழைகளுக்கு நடுவே வாய் இருந்தது. கிராம்பு இருந்தது.

சாவி வேண்டாம்.

பின்னால் நகர்ந்தாள். சிலிண்டரில் இடித்தாள். மாலை அறுந்து விழுந்தது. வாசலில் ஆண்டியப்பனின் டார்ச் வெளிச்சம். ஐந்து எட்டு. நான்கு.

அப்போது இருமல் வந்தது. அடக்க முடியாத இருமல். குனிந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து எதையோ வேரோடு பிடுங்குவதுபோல். வாய்க்கு நேரே கையை ஏந்தினாள். ஏதோ வந்து விழுந்தது. கனமில்லை. சூடு. உடம்புச் சூடு.

டார்ச் வெளிச்சம் அவள் கைமேல் நின்றது.

கோழிமுட்டைக் கருவளவு, சாம்பல் வெள்ளையில். சுற்றிலும் கிளைகள். அவள் அதைக் கண்ணாடியில் நூறு தரம் பார்த்திருக்கிறாள், நூறு மடங்கு பெரிதாக்கி. பெரிதாக்காமல் பார்ப்பது இதுதான் முதல் தரம். உள்ளங்கையில் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு கிளைகளெல்லாம் ஒன்றாக ஒரே பக்கம் சாய்ந்தன.

வாசல் பக்கம். ஆண்டியப்பன் நிற்கும் பக்கம்.

"அண்ணே" என்றாள். "அண்ணே, இது ஒங்கள ஒண்ணும் செய்யாது. ஒங்களுக்கு நல்ல நெஞ்சு. என்னயத் திருச்சிக்கு மட்டும்..."

அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையையே பார்த்தார். வாய் திறந்திருந்தது. பிறகு அவளைத் தாண்டிப் பின்னால் பார்த்தார். அங்கே எதைப் பார்த்தாரோ, டார்ச்சைத் தாழ்த்திக்கொண்டு ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

"நான் பொட்டுதான் வச்சேன்" என்றார். "பொட்டுதானே வச்சேன்."

"அண்ணே, கதவை..."

"காலைல வாரேன் பாப்பா." கதவு நகர்ந்தது. சிவந்த விரல் நுனி கதவின் ஓரத்தில் ஒரு கணம் தெரிந்தது. "விசயதசமிக்குக் காலைல வந்து தொறக்குறேன். நல்ல நேரம் பாத்துத் தொறக்குறேன்."

கதவு அடைந்தது. இருட்டு. பச்சை ஒளி மட்டும். பின்னால் ஸ்டூலின் சக்கரம் ஒரு தரம் உருண்டு நின்றது. கதவில் முகத்தை அழுத்திக்கொண்டாள். கூப்பிட வாயைத் திறந்தாள். மறுபடி இருமல் ஏறி வந்தது, நெஞ்சிலிருந்து, தொண்டைவரை.

அவள் இருமுவதற்குக் கொஞ்சம் முன்பே, அவள் பிடரிக்குப் பக்கத்தில், அவளுடைய இருமல் கேட்டது.

வெளியே திண்டுக்கல் பூட்டில் சாவி இரண்டு சுற்றுச் சுற்றியது.